எத்தனை தையல்?

எங்கள் கடத்தூரில் ஒருவருக்கு அடிபட்டது என்று கேள்விப்பட்டால் முதலில் கேட்பது ‘ஆள் எப்படி இருக்கிறார்’ என்பதல்ல. ‘எத்தனை தையல்?’ என்பதுதான். மூன்று என்றால் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். எட்டு என்றால் உட்கார்ந்து விவரம் கேட்பார்கள். பதினைந்தைத் தாண்டினால் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். அடித்தவர் தரப்பு, அடிபட்டவர் தரப்பு என்று பஞ்சாயத்து கூடிவிட்டால் பேச்சு முழுக்க அந்த எண்ணிக்கையின் மேல்தான் நடக்கும். டாக்டர் சர்டிபிகேட்டில் காயத்தின் நீளமும் ஆழமும் எழுதித் தருவார். அதை யார் படிக்கிறார்கள்?

இப்படிப்பட்ட ஊரில் முப்பது வருஷத்துக்குக் குறையாமல் காயம் தைத்த ஒரு நர்சம்மா, ஒருவரிடமும் ஒரு தடவைகூட எத்தனை தையல் என்று சொன்னதில்லை. அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பழைய சாக்கு வாங்கி, கிழிசலைத் தைத்து, புளி மண்டிக்கும் கேழ்வரகு மண்டிக்கும் விற்கிறவன். எழுத்தில் பிசகு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. சிஸ்டர் என்றே எல்லோரும் கூப்பிட்டோம், அப்படியே எழுதுகிறேன்.

ஒரு டாக்டர், இரண்டு நர்சு, ஆறு கட்டில். அவ்வளவுதான் அந்த ஆஸ்பத்திரி. பெரிய காயம் என்றால் உள்ளே ஆழத்தை டாக்டர் தைப்பார். தோலை சிஸ்டரிடம் விட்டுவிடுவார். டாக்டருக்குப் பெயர், சிஸ்டருக்குக் கூட்டம். கையுறை போட்ட கையால் எதையும் தொடக்கூடாது என்பதால் நழுவுகிற கண்ணாடியைத் தோளால் மேலே தள்ளிக்கொண்டே தைப்பார். “பேசுங்க, எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க. ஆடாதீங்க” என்பார். தைத்து முடித்ததும், நாம் எட்டிப் பார்ப்பதற்குள் பஞ்சை வைத்துக் கட்டிவிடுவார்.

“எத்தனை சிஸ்டர்?”

“எண்ணலைங்க.”

அதோடு சரி. நயமாகக் கேட்டாலும் அதே பதில், மிரட்டிக் கேட்டாலும் அதே பதில்.

நான் முதலில் அவரிடம் போனபோது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. அவரும் வேலைக்குப் புதிது. புதுச் சாக்குகள் அப்போது பேலாக, இரும்புப் பட்டை கட்டி வரும். பட்டையை வெட்டினேன். அது துள்ளி என் இடது புறங்கையைக் கிழித்துவிட்டது. அந்தக் காலத்தில் கறுப்புப் பட்டு நூல். ரீலிலிருந்து வெட்டியெடுத்து, வேகவைத்து, நம் வீட்டு ஊசி மாதிரியே காது வைத்த ஊசியில் கோத்துத் தைத்தார்கள். நூல் இரட்டையாகத் தோலுக்குள் போகும்போது துளையும் பெரிதாக விழும். கட்டுப் பிரித்த அன்று நானே எண்ணிக்கொண்டேன். ஏழு. கறுப்பு எறும்பு ஏழு வரிசையில் நிற்கிற மாதிரி முடிச்சு. நூலை உருவிய பிறகும் பக்கத்துக்கு ஏழு புள்ளி நின்றுவிட்டது. பூரான் படுத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும். எனக்கு அதில் ஒரு பெருமை. கல்யாணமான புதிதில் என் மனைவியிடம் முதலில் காட்டிய சொத்தே அதுதான்.

சொல்லவேண்டும், நான் எண்ணுகிற ஆள். சாக்கு வாய்க்கு எத்தனை தையல் என்று எண்ணுவேன். ஐந்து வேளையும் தொழுகை முடிந்தால் முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு என்று விரல் கணுவில் எண்ணி ஓதாமல் எழுந்திருக்க மாட்டேன். அதனால் சிஸ்டர் சொல்லாதது எனக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக உறுத்தியது.

ஒரு தடவை என் மகள் படியில் விழுந்து உதட்டின் உட்புறம் கிழிந்துவிட்டது. அதே நேரம் பக்கத்துக் கட்டிலில் மலைக்கு மாலை போட்டிருந்த ஒரு விவசாயி. அவருக்கு மாட்டுக் கொம்பு பட்டு வாய்க்குள் கிழிசல். வாய்க்குள் என்றால் பிரிக்கத் தேவையில்லாத நூல் வேண்டும். தானாகக் கரைகிற நூல் என்று சிஸ்டர் ஒரு பாக்கெட்டைப் பிரித்தார். ஸ்பிரிட் வாடை அடித்தது. எதில் செய்தது என்று கேட்டேன். குடலில் செய்தது என்றார். எனக்கும் சாமிக்கும் வேறு எதிலும் ஒத்துப்போக வழியில்லை. அன்று ஒரே குரலில் கேட்டோம்:

“எதோட குடலு?”

“ஆட்டுக் குடல்லயும் பண்றாங்க, மாட்டுக் குடல்லயும் பண்றாங்க. இது எதுன்னு பாக்கெட்டுல போடலை.”

“அறுத்தது யாருன்னு…” என்று நான் இழுத்தேன்.

“அதுவும் போடலை பாய்.”

சாமி வாயைக் கையால் பொத்திக்கொண்டு, “கரைஞ்சா அது எங்கம்மா போவும்?” என்றார்.

“உங்களுக்குள்ளதான்.”

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிஸ்டர் கண்ணாடியைத் தோளால் தள்ளினார். “வேண்டாம்னா சொல்லிடுங்க. கிழிஞ்ச உதட்ட விரலால அழுத்திப் புடிச்சிக்கிட்டே நில்லுங்க. ஒரு வாரத்துல ஒட்டிக்கும்.”

மகள் அழுதாள். நான் பிஸ்மி சொல்லிக்கொண்டேன், சாமி சரணம் சொல்லிக்கொண்டார். தைத்துவிட்டார். அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் பயந்துகொண்டே கேட்டேன். “அவசியத்துக்கு மார்க்கத்துல இடம் இருக்குப்பா. கொழந்த நல்லாருக்காளா?” என்றார். சிஸ்டர் கேட்காத கேள்வி அதுதான். அவருக்குத் தெரியும், நன்றாக இருப்பாள் என்று.

பிறகு குடல் நூல் நின்றுபோய், தொழிற்சாலையில் செய்த கரையும் நூல் வந்தது. ஊசியும் நூலும் ஒன்றாகவே ஒட்டி வந்தன. கோக்கிற வேலை இல்லை, துளையும் நூல் அளவுதான். நைலான் வந்தது. ஸ்டேப்ளர்கூட வந்தது. பைக்கில் விழுந்து மண்டை உடைந்த ஒரு பையனுக்கு அதில் அடித்தார். அவன் போனில் படமெடுத்து எண்ணி, பன்னிரண்டு என்று ஊர் முழுக்க அனுப்பிவிட்டான். சிஸ்டருக்கு அந்த மெஷின் மேல் அன்றோடு வெறுப்பு. கடைசியாகப் பசை வந்தது. ஒரு சின்னக் குழந்தைக்கு நெற்றியில் சொட்டு விட்டு ஒட்டி அனுப்பினார். குழந்தையின் ஆயா வாசலில் நின்று சத்தம் போட்டது எனக்குக் கேட்டது: “கோந்து ஒட்டறதுக்கா பஸ் ஏறி வந்தோம்? ஒரு தையலு கூடப் போடல, இதெல்லாம் ஆஸ்பத்திரியா?”

கிணற்றுத் தண்ணீருக்கு அடித்துக்கொண்ட மாமனும் மச்சானும் வந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. வேறு வண்டி கிடைக்காமல் இரண்டு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். நடுவில் திரையை இழுத்துவிட்டு சிஸ்டர் மாறி மாறித் தைத்தார்.

“அவனுக்கு எத்தினிம்மா?” இது மாமன்.

“எண்ணலைங்க.”

“எனக்கு?”

“அதுவும் எண்ணலைங்க.”

“ரெண்டு சேத்துப் போட்டாத்தான் என்னா? நூலு பஞ்சமா?”

“நூலு இருக்குதுங்க. உங்களுக்குத் தோலுதான் பத்தாது.”

திரைக்கு அந்தப் பக்கம் மச்சான் சிரித்தார். சிரித்ததில் அவருக்கு வலித்தது. “ஆடாதீங்கன்னு சொன்னேன்ல” என்று அவருக்கும் விழுந்தது.

இதையெல்லாம் கடையில் உட்கார்ந்து நானும் சொல்லிச் சிரித்தவன்தான். என் முறை வரும்வரை.

என் தம்பி என்னோடு கடையில் இருந்தான். அவன் மாமனார் ஊர் காரிமங்கலம். ஒரு மத்தியானம், நான் லுஹர் தொழுதுவிட்டு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, ‘காரிமங்கலத்துல தனியா கடை போடலாம்னு இருக்கறன்’ என்றான். சாக்கு வாய்த் தையலைப் பிரிக்கிற கத்தி என் கையில் இருந்தது. சாக்கு அவன் கையில் இருந்தது. “குடுறா” என்று வெடுக்கென்று இழுத்தேன். அவன் கை முழங்கைக்குக் கீழிருந்து மணிக்கட்டுப் பக்கம் வரை பிளந்துகொண்டது.

கை தவறிவிட்டது என்று ஊருக்குச் சொன்னேன். இழுக்கும்போது கையில் கத்தி இருப்பது எனக்குத் தெரியும். அதை அல்லாஹ் அறிவான். முப்பத்து மூன்று முறை அவனைத் துதித்து எண்ணிய விரல்கள்தான் அந்தக் கத்தியையும் பிடித்திருந்தன.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே, “எப்படி ஆச்சு?” என்றார்.

“நானே கிழிச்சிக்கிட்டன் சிஸ்டர்” என்றான் தம்பி.

அவர் காயத்தைப் பார்த்தார். என் சட்டையில் தெறித்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். “சரி” என்றார்.

டாக்டர் விரல்களை மடக்கச் சொல்லிப் பார்த்து, நரம்பு தப்பியது என்றார். ஆழத்தில் அவர் தைத்துவிட்டுப் போனார். பிறகு சிஸ்டர் ஒரு மெல்லிய நூலை எடுத்துத் தோலுக்கு உள்ளேயே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் என்று வெளியே தெரியாமல் ஓட்டிக்கொண்டே போனார். நான் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்ண ஆரம்பித்தேன். ஒன்பதுக்கு மேல் கண் கலங்கிவிட்டது, விட்டுவிட்டேன்.

செய்தி அன்றைக்கே காரிமங்கலம் போய்விட்டது. கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் பதினைந்து தையல் என்று கிளம்பியது, காரிமங்கலம் இறங்கும்போது இருபத்தைந்து ஆகியிருந்தது. தம்பியின் மாமனார் போனில் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். “பாய், கட்டுப் பிரிக்கிற அன்னிக்கு நானும் வர்றங்க. பதினஞ்சுக்கு மேல இருந்தா நேரா ஸ்டேஷன். அதுக்கும் கீழன்னா ஜமாஅத்துல பேசிக்கலாம்” என்றார். கத்திக் காயம். கேஸ் ஆனால் ஜெயில். ஜெயில்கூடப் பரவாயில்லை, அத்தா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவன் நான். அவன் எதிர்க் கூண்டில் நிற்பதை எங்கள் அம்மா பார்க்கவேண்டி வரும். இரண்டு இரவும் தொழுகைப் பாயிலேயே கிடந்தேன்.

மூன்றாம் நாள் அவர் இரண்டு ஆட்களோடு வந்தார். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். சிஸ்டர் கட்டைப் பிரித்தார். பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு. இரண்டு நுனியிலும் கடுகளவு முடிச்சு. வேறொன்றும் இல்லை.

மாமனார் குனிந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“தையலு எங்கம்மா?”

“உள்ள இருக்குதுங்க.”

“எத்தனை?”

“எண்ணலைங்க.”

“இருந்தாத்தான எண்ணுவ!” என்று அவர் நிமிர்ந்தார். “ஏன் மாப்ள, பூன பிறாண்டினதுக்கா என்ன பஸ் ஏற வச்சீங்க? ரெண்டு ஆள வேற கூட்டியாந்துட்டன்!”

“ஆழமான காயங்க பெரியவரே” என்றார் சிஸ்டர். “ஒரு மாசம் கையில வெயிட்டுத் தூக்கக் கூடாது.”

“ஆமா ஆமா” என்று அவர் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். தம்பியும் ஏனோ சிரித்தான். நான் வாய் திறக்கவில்லை. லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்று ஒன்பது வரை எண்ணியவன் அந்த அறையில் நான் ஒருவன்தான்.

அன்று சாயங்காலம் நல்ல புளியாகப் பார்த்து ஒரு பை கட்டிக்கொண்டு சிஸ்டரிடம் போனேன். “நீங்க என்னக் காப்பாத்திட்டீங்க” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. “உங்களுக்காக ஒண்ணும் பண்ணலை பாய். நேரா வெட்டின சுத்தமான காயம், கழுவியாச்சு. அதுக்கு இந்த நூலுதான் நல்லது. கிழிசலா இருந்திருந்தா வெளியதான் போட்டிருப்பேன். புளிய எடுத்துட்டுப் போங்க.”

இறைவன் அவர் கையால் எனக்குக் கருணை செய்தான் என்று நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அவரைக் கேட்டால் நூலால் செய்தேன் என்பார்.

தம்பியின் மாமனார் சும்மா இருக்கவில்லை. ‘கடத்தூர்ல ஒரு நர்சு இருக்குது, தையலே போடாமக் கட்டுக் கட்டி உடும்’ என்று சந்தை சந்தையாகச் சொன்னார். பேச்சு எங்கள் ஊருக்கும் திரும்பி வந்தது. ‘பொய்த் தையல் சிஸ்டர்’ என்று பெயர் வைத்தார்கள். சிலர் தர்மபுரிக்கே போய்த் தைத்துக்கொண்டு, பெருமையாக எண்ணிக் காட்டினார்கள். என் கடையில் உட்கார்ந்தே பேசினார்கள். ‘இல்லைங்க, நான் பார்த்தேன், உள்ளே இருந்தது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் காயத்தின் அளவு வெளியே வரும். டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன். தம்பி ஆறே மாதத்தில் காரிமங்கலத்துக்குப் போய்க் கடை போட்டுவிட்டான். எதைத் தடுக்கக் கத்தியோடு இழுத்தேனோ அது சிரித்த முகத்தோடு நடந்தது.

போன வருஷம் எனக்கு ஹஜ்ஜுக்குப் பெயர் வந்தது. புறப்படுவதற்கு முன் தெரிந்தவர், பழகியவர் எல்லோரிடமும் போய், ‘என்னால் மனவருத்தம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். மனிதனுக்குச் செய்த தப்பை அந்த மனிதன்தான் பொறுக்கவேண்டும்; படைத்தவனிடம் நேராகப் போய்க் கேட்டு வாங்கிவிட முடியாது. நோட்டில் எண் போட்டுப் பெயர் எழுதினேன். முதல் பெயர் தம்பி.

காரிமங்கலத்தில் சந்தை நாள். கடையில் கூட்டம். கூட்டத்துக்கு நடுவிலேயே கேட்டேன். தம்பி இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினான்.

“எந்தக் கைன்னு சொல்லுண்ணா. பொறுத்துக்கறன்.”

எந்தக் கை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் தேடினேன். டியூப்லைட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரோமத்துக்கும் சுருக்கத்துக்கும் நடுவில் அந்தக் கோடு எங்கே போனது என்று தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவேண்டிய இடமே அங்கே இல்லை.

“அதப் போய் இன்னும் நெனச்சிக்கிட்டிருக்கியா? வுடுண்ணா. போறப்ப பிரியாணி சாப்ட்டுட்டுப் போ” என்றான்.

நோட்டில் இரண்டாவது பெயர் சிஸ்டர். வேலையை விட்டபின் அதியமான்கோட்டையில் தங்கை வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி வீடு. என்னை அடையாளம் தெரியவில்லை. சாக்குக் கடை பாய் என்றேன். “அட, வாங்க பாய், உக்காருங்க” என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி என் கையில் இருந்தது, தெரிந்தே இழுத்தேன், தையல் உள்ளே இருந்ததைப் பார்த்தும் உங்களைப் பொய்க்காரி என்று ஊர் பேசியபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன்.

“எந்தத் தம்பி?” என்றார்.

சொன்னேன். ஞாபகம் வரவில்லை.

“அப்பிடியா பேசினாங்க? அந்த வருஷம் என்னடா கூட்டம் கொறஞ்சிருக்கேன்னு நானும் பாத்தேன். ஊர்ல சண்ட கொறஞ்சிட்டுதுன்னு சந்தோசப்பட்டேன்.”

“சிஸ்டர், இப்பவாவது சொல்லுங்க. அன்னிக்கு எத்தனை?”

“நெஜமா எண்ணினதில்லை பாய். யாருக்குமே. என்னமோ தெரிஞ்சிக்கிட்டுச் சொல்லாம வச்சிருந்த மாதிரி நெனைக்கிறீங்க எல்லாரும்.” கண்ணாடியைத் தோளால் தள்ளினார், கையில் கையுறை இல்லை, பழக்கம் மட்டும் இருந்தது. “ஊசிய எண்ணுவேன். பஞ்ச எண்ணுவேன். ரெண்டு தடவ எண்ணுவேன். அதுங்க உள்ள தங்கிடக் கூடாது. தையலு உள்ள இருக்கத்தான போடறோம், அத எதுக்கு எண்றது?”

டீ வந்தது. இரண்டு கையாலும் வாங்கினேன். அப்போதுதான் என் இடது புறங்கை அவர் கண்ணில் பட்டது.

“இதென்ன?”

“நீங்க போட்டதுதான் சிஸ்டர். வேலைக்கு வந்த புதுசுல. பேல் பட்டை வெட்டினது.” பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. டம்ளரைக் கீழே வைக்கச் சொன்னார். என் கையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தார். “காது வச்ச ஊசி. இறுக்கி வேற முடிச்சுப் போட்டிருக்கேன். பயம். அவிழ்ந்துடுமோன்னு பயம்.” விரல் நுனியை முதல் புள்ளியில் வைத்தார். உதடு அசைந்தது.

“ஒண்ணு… ரெண்டு… மூணு…”

ஏழு வரை போனார். அவர் எண்ணிக் கேட்டது என் வாழ்நாளில் அன்று ஒருமுறைதான்.

“நாலு போதும் இதுக்கு” என்றார். கையை விடவில்லை. “நீங்க புண்ணிய இடத்துக்குப் போறீங்க. நீங்களும் என்னப் பொறுத்துக்கணும் பாய்.”

முப்பது வருஷத்துக்கு மேலாக ஊருக்குக் காட்டிப் பெருமையடித்த கை. தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். யார் யாரைப் பொறுத்தோம் என்று கேட்டுக்கொள்ளாமலே டீயைக் குடித்தோம்.

மக்காவில் காபாவை ஏழு தடவை சுற்றவேண்டும். அந்த ஜனக்கூட்டத்தில் எத்தனையாவது சுற்று என்பது மறந்துபோகும் என்று சொல்லி, சிலர் ஏழு மணி கோத்த சரம் வைத்திருந்தார்கள். நான் வாங்கவில்லை. சுற்றுக்கு ஒரு தையலாக என் புறங்கையில் தொட்டுக்கொண்டே போனேன். ஏழாவது தையலைத் தொட்டபோது, இங்கே எழுதாமல் விட்ட அவர் பெயரை அங்கே வாய்விட்டுச் சொன்னேன்.